மொனோங்கா 1907: தீப்பொறி ஓரிடத்தில், அழிந்தது இரண்டு சுரங்கம். எப்படி?

மலைப்பாதை:

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், மாரியன் கவுண்டியில் மொனோங்கா என்ற ஊர். 1907 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் ஃபேர்மான்ட் கோல் கம்பெனியின் 6ஆம் எண், 8ஆம் எண் நிலக்கரிச் சுரங்கங்கள் இரண்டும் வெடித்தன. அரசுக் கணக்கில் 362 பேர் சாவு. அமெரிக்கச் சுரங்க விபத்துகளில் இன்றுவரை இதுவே பெரியது. இதுவரை எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். அதற்கு மேல் போனால் குழப்பம்.

மரண விசாரணை ஜூரி, 8ஆம் எண்ணில் வெடித்துளை ஒன்று "ஊதி வெளியேறியது", இல்லையென்றால் அங்கிருந்த வெடிமருந்து பற்றிக்கொண்டது என்று முடித்தது. இன்னொரு தரப்பு, 6ஆம் எண் சரிவில் இணைப்பு விட்டுப்போன கரிவண்டித் தொடர் பின்னோக்கி உருண்டு, தூசியைக் கிளப்பி, மின்கம்பியையும் அறுத்ததால் வந்தது என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? இரண்டாவது, எது பற்றியிருந்தாலும் நிலத்தடியில் அவ்வளவு தூரம் எப்படி ஓடியது? அந்த அளவுக்கு மீத்தேன் தேங்கியிருந்தால் காலையிலேயே தெரிந்திருக்காதா? கடைசியாக, 362 என்பதை ஏன் பலர் ஏற்பதில்லை? சிலர் 500-க்கு மேல் என்கிறார்கள்.

---

கரித்துகள்:

முதலில் இரண்டு கேள்விகளையும் பிரித்துவிடுங்கள் நண்பரே. எது பற்றவைத்தது என்பது ஒன்று, எது பரப்பியது என்பது வேறொன்று. முதலாவதற்கு 1907-லும் நிச்சயமான பதில் இல்லை, இனியும் கிடைக்காது. இரண்டாவதற்கு உண்டு: கரித்தூள்.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். ஆனால் அது தேங்கிய இடத்தோடு வேலை முடிந்துவிடும், அடுத்த மைலுக்குப் போகாது. கரித்தூள் அப்படியல்ல. முதல் வெடியின் அழுத்த அலை தீச்சுடருக்கு முன்னால் ஓடும். தரையிலும் சுவரிலும் முட்டுக்கட்டைகளிலும் படிந்திருக்கும் தூளை அது கிளப்பிவிடும், பின்னால் வரும் சுடர் அதைத் தின்னும், அதில் பிறக்கும் அழுத்தம் இன்னும் முன்னால் இருக்கும் தூளைக் கிளப்பும். தனக்கு வேண்டிய விறகைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற தீ. தூள் தீரும் வரை, அல்லது நல்ல ஈரம் குறுக்கே வரும் வரை நிற்காது. மொனோங்காவில் இரண்டு சுரங்கங்களும் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. வழி திறந்தே கிடந்தது.

எவ்வளவு தூள் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள ஒரு பாதை. தரையிலும் இரு பக்கச் சுவரிலும் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூள், அதாவது ஒரு காகிதத்தின் கனம். லேசாகப் படிந்த தூளின் எடை ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை கிராம் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் ஆகிறது. பாதையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தரை 4, சுவர்கள் 4, ஆக 8 சதுர மீட்டர், 400 கிராம். அது கிளம்பி நிரப்ப வேண்டிய இடம் 8 கன மீட்டர். கன மீட்டருக்கு 50 கிராம் வந்துவிட்டது. கரித்தூள் வெடிப்பதற்கான கீழெல்லை கிட்டத்தட்ட அங்கேதான் தொடங்குகிறது. கால் வைத்தால் தடம் பதிகிற அளவுக்குத் தூள் கிடந்தாலே போதும் என்பது இதனால்தான்.

டிசம்பர் மாதம் என்பதும் தற்செயல் இல்லை. அதே மாதம் 19ஆம் தேதி பென்சில்வேனியாவின் டார் சுரங்கம் வெடித்து 239 பேர் போனார்கள். (அன்று புனித நிக்கோலஸ் திருநாள், பழைய நாட்காட்டிப்படி. திருநாளுக்காகப் பலர் வேலைக்கு இறங்கவில்லை. இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கோ போயிருக்கும்.) குளிர்காலக் காற்று சுரங்கத்தை உலர்த்திவிடும். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 4.8 கிராம் நீராவிதான் தாங்கும். உள்ளே போய் 13 டிகிரிக்குச் சூடானதும் 11.3 கிராம் வரை தாங்கும். வித்தியாசம் 6.5 கிராம், அதைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் உறிஞ்சிக்கொண்டு வெளியே போகும். விசிறி நொடிக்கு 50 கன மீட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 28 டன் தண்ணீர். வண்டியில் தொட்டி வைத்து அங்கங்கே தெளிப்பதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

---

திரியும்மருந்தும்:

"ஊதி வெளியேறிய வெடி" என்றால் என்ன என்று சொல்லாமல் ஜூரி முடிவைப் பேசிப் பயனில்லை. அந்தக் காலத்து வெடிவைப்பு இப்படி நடக்கும்.

முதலில் கரிமுகத்தின் (வெட்டி எடுக்க வேண்டிய கரிச்சுவரின்) அடியில் கிடைமட்டமாக ஒரு வெட்டு. கையால் என்றால் ஆள் ஒருக்களித்துப் படுத்துக் குத்துக்கோடரியால் குடைய வேண்டும், அரை நாள் வேலை. இந்த அடிவெட்டுதான் உயிர்நாடி. வெடிக்கும்போது கரி கீழே விழ ஒரு வெற்றிடம் வேண்டுமே! அடுத்து, மார்போடு அணைத்துச் சுழற்றும் துரப்பணத்தால் ஐந்தாறு அடிக்குத் துளை. துளை அடிவெட்டின் ஆழத்தைத் தாண்டக் கூடாது, அரை அடி முன்பே நின்றுவிட வேண்டும். செய்தித்தாளைக் கட்டையில் சுற்றி உருளையாக்கி, அதில் கருமருந்தைக் கொட்டி, முனையை மடித்துத் துளைக்குள் தள்ளுவார்கள். ஒரு நீளமான செம்பு ஊசி மருந்துவரை போய் நிற்கும். அதைச் சுற்றிக் களிமண்ணைத் துளையின் வாய்வரை இடித்து அடைப்பார்கள். ஊசியை உருவினால் ஒரு மெல்லிய வழி மிஞ்சும். அதில் மருந்துத்திரியைச் சொருகிப் பற்றவைத்துவிட்டு ஓட்டம்.

தவறு எங்கே நடக்கும்? நான்கு இடங்களில்.

அடிவெட்டு இல்லாமல் திடக்கரியிலேயே வைப்பது முதல் தவறு. தொழிலாளிக்குக் கூலி டன் கணக்கில்தான், குடைகிற நேரத்துக்குக் காசு இல்லை. அதனால் மருந்தை இரட்டிப்பாக்கிவிட்டு அடிவெட்டைச் சுருக்கப் பார்ப்பார்கள். துளையை அடிவெட்டுக்கு அப்பால் கொண்டுபோவதும் இதே வகைதான். நுனியில் இருக்கும் மருந்துக்கு உடைக்க வழி இருக்காது. மூன்றாவது, களிமண்ணுக்குப் பதில் காலடியில் கிடக்கும் கரித்தூளையே அள்ளி அடைப்பது. களிமண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், தூள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. இரும்புக் கம்பியால் இடித்துப் பொறி கிளப்புவது நான்காவது.

முதல் மூன்றில் எது நடந்தாலும் முடிவு ஒன்றுதான். கரி உடையாது. துளை பீரங்கிக் குழாயாகிவிடும். அடைப்பைத் துப்பிவிட்டு நீண்ட சுடர் வெளியே பாயும். கருமருந்து மெதுவாக எரிகிற சரக்கு, சுடர் நீளமும் அதிகம், நிற்கும் நேரமும் அதிகம். அடைப்பே கரித்தூளாக இருந்தால் அந்தத் தூளும் எரிந்துகொண்டே வெளியே வரும். எதிரே கிடக்கும் தூளைக் காற்றில் தூக்கி, அதே நொடியில் தீயும் வைக்கிற கருவி இதைவிட வேறு வேண்டுமா?

ஜூரியின் இரண்டாவது யூகமும் அசட்டுத்தனமில்லை. மருந்து 25 பவுண்டு தகரப் பீப்பாயில் வரும். மூடியைத் திருகித் திறக்காமல் குத்துக்கோடரியால் ஓட்டை போட்டுத் திறக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. தலையில் திறந்த சுடர் எரியும் தொப்பி விளக்கை மாட்டிக்கொண்டு!

---

ஆழக்காற்று:

மேலே எழுதியவருக்கு ஒரு திருத்தம். கையால் அடிவெட்டுப் போட்டது அப்பலாச்சியாவின் பல சுரங்கங்களுக்குப் பொருந்தும், மொனோங்காவுக்கு முழுதாகப் பொருந்தாது. அங்கே மின்சார வெட்டு இயந்திரமும் மின்சார இழுவண்டியும் வந்துவிட்டன. அந்தக் காலத்துக்கு நவீனச் சுரங்கம் என்று பெயர் எடுத்தது அது. ஆனால் இயந்திரம் வந்ததால் ஆபத்து குறையவில்லை. இயந்திரப் பல் கரியைக் கொத்தாது, அரைக்கும். அதில் விழும் தூள் கைவேலையில் விழுவதைவிட நுணுக்கமானது. போதாக்குறைக்குப் பாதை நெடுகக் காப்புறையில்லாத மின்கம்பி. கரிவண்டித் தொடர் உருண்ட கதையை ஜூரி சொல்லவில்லை என்பதற்காகத் தள்ளிவிட முடியாததற்கு இதுதான் காரணம். கிளம்பிய தூளும் மின்பொறியும் ஒரே இடத்தில் சேர அது ஒன்றே போதும்.

இன்னொன்று. 8ஆம் எண்ணின் வாய்ப்பக்கம் சேதம் கடுமை, விசிறிக் கட்டடமே போய்விட்டது, ஆகவே அங்கேதான் தொடங்கியது என்று சிலர் வாதிடுகிறார்கள். தூசி வெடிப்பில் இது தலைகீழ் வாதம். தொடங்கும் இடத்தில் வேகம் குறைவு, ஓட ஓடத்தான் வலுக்கும். தொடங்கிய இடத்தில் கரிந்த உடல், அரை மைலுக்கு அப்பால் நொறுங்கிய வண்டி என்பதே வழக்கமான காட்சி. எனவே சேதத்தின் அளவை வைத்துப் பிறப்பிடம் சொல்லாதீர்கள். ஜூரி சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் இந்தக் காரணத்தால் அல்ல.

காலையிலேயே தெரிந்திருக்காதா என்று கேட்டீர்கள். வேலை தொடங்கும் முன் ஃபயர் பாஸ் என்று ஒருவர் ஒவ்வொரு கரிமுகமாகப் போய்ப் பார்ப்பார். கையில் கம்பிவலைக் காப்பு விளக்கு. திரியை இறக்கி மஞ்சள் சுடர் ஏறக்குறைய மறையும் வரை கொண்டுவந்து, விளக்கைச் சாய்க்காமல் மெல்ல மெல்லக் கூரைப் பக்கம் உயர்த்துவார். மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று உட்காரும். 1 சதவீதம் என்றால் கண்ணுக்குத் தட்டுப்படுவதே கஷ்டம், 3 சதவீதத்தில் தெளிவாகத் தெரியும். 5-ஐ நெருங்கினால் வலை முழுக்க நீலம் நிரம்பிவிடும். அப்போது பதறி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. டேவி என்ற பழைய வகைக் காப்பு விளக்கில் காற்று நொடிக்கு 6 அடி வேகத்தில் பட்டாலே சுடர் வலையைத் தாண்டிவிடும். பார்த்து முடித்ததும் கரிமுகத்தில் சாக்குக்கட்டியால் தேதியும் தன் முதலெழுத்தும் போட்டுவிட்டு அடுத்த இடம் போவார்.

இந்தச் சோதனைக்கு இரண்டு குருட்டுப் பக்கங்கள். அது அந்த நிமிடத்துக்கு மட்டுமே செல்லும், ஒரு மணி நேரம் கழித்துக் கூரை சரிந்து வாயு இறங்கினால் சாக்குக்கட்டி எழுத்து காப்பாற்றாது. 1911 டிசம்பர் 9-இல் டென்னசி மாநிலம் பிரைஸ்வில்லில் கிராஸ் மவுன்டன் சுரங்கம் அப்படித்தான் வெடித்தது: கூரைச் சரிவு, இறங்கிய வாயு, திறந்த விளக்கு. 84 பேர் போனார்கள். அடுத்த குருட்டுப் பக்கம், விளக்கு தூசியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. வாயுவே இல்லை என்று அது சத்தியம் செய்யும் இடத்திலும் தூள் வெடிக்கும். வாயு இல்லாமல் தூள் மட்டும் வெடிக்காது என்று 1907-இல் பல அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் நம்பினார்கள், பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் முந்தைய வருடம்தான் கரித்தூள் வெடிப்பில் 1,099 பேர் செத்திருந்தும்.

---

பித்தளைவில்லை:

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். சுரங்க அலுவலகம் எண்ணியது கரியை, ஆளை அல்ல. குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஒவ்வொரு கரிவெட்டிக்கும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் உண்டு. வண்டியை நிரப்பியதும் உள்பக்கக் கொக்கியில் தன் வில்லையை மாட்டி அனுப்புவார். மேலே எடைபோடும் இடத்தில் வில்லை எண்ணைப் பார்த்து அவர் கணக்கில் எடையை ஏற்றுவார்கள். வில்லை விழுந்துவிட்டால் அந்த வண்டி அநாதை. கல் கலந்திருக்கிறது என்று எடையைக் குறைப்பதும் நடக்கும். டன் என்பது 2,000 பவுண்டா, 2,240 பவுண்டா என்ற சண்டை தனி. 1912-இல் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று, எடைபோடும் இடத்தில் தொழிலாளர் தரப்பு ஆள் வேண்டும் என்பது இன்னொன்று.

இந்த முறையில் வில்லை வைத்திருப்பவர் பெயர் மட்டும்தான் ஏட்டில் இருக்கும். அவர் கூட்டிப்போகும் உதவியாளர், தம்பி, மகன், ஊரிலிருந்து நேற்று வந்து சேர்ந்த சித்தப்பா பையன் யாருக்கும் அலுவலகம் சம்பளம் கொடுப்பதில்லை, வில்லைக்காரர்தான் தன் பங்கிலிருந்து கொடுப்பார். ஒரு எண்ணுக்கு இரண்டு பேர், மூன்று பேர். அன்று கீழே போனவர் எத்தனை என்று கம்பெனிக்கே தெரியாது. மேலெடுத்த உடல்களை எண்ணித்தான் 362. அதில் 171 பேர் இத்தாலியர்கள், பலர் மொலீசே மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள். போலந்துக்காரர், ஸ்லாவியர் என்று இன்னொரு பெருங்கூட்டம். தனியாகக் கடல் தாண்டி வந்தவனைத் தேடிச் சுரங்க வாசலுக்கு யார் வருவார்?

இருந்தாலும் 500 என்பதை நிரூபித்த எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உதவியாளர் வழக்கத்தை வைத்துக் கணித்தது அது. 362 குறைவான எண் என்று சொல்ல நியாயம் உண்டு. எவ்வளவு குறைவு என்று சொல்லத்தான் ஏடு இல்லை.

விதவைகள் 200-க்கு மேல், அப்பனை இழந்த பிள்ளைகள் ஆயிரத்தை ஒட்டி. மேற்கு வர்ஜீனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1913-இல்தான் வந்தது. அதுவரை நன்கொடைப் பணம்தான் கதி. விபத்துக்கு அடுத்த வருடம், 1908 ஜூலை 5-இல், பக்கத்து ஊரான ஃபேர்மான்டின் தேவாலயம் ஒன்றில் தந்தையருக்கென்று ஒரு வழிபாடு நடந்தது. தந்தையர் தினத்துக்கான முதல் வழிபாடு என்று அதைச் சொல்வார்கள்.

---

மலைப்பாதை:

தெளிவாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. வெடியில் சாகாதவர்கள் ஏன் வெளியே வர முடியவில்லை? மீட்புக்குப் போனவர்கள் ஏன் அவ்வளவு தாமதம்?

---

ஆழக்காற்று:

வெடியைவிட அதன் பிறகு நிற்கும் வாயு கொன்றதே பல விபத்துகளில் அதிகம். அதில் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, காப்பு விளக்கும் காட்டிக்கொடுக்காது. ஆளை மயக்கும் அளவில் அது இருக்கும்போதும் சுடர் அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். கேனரிக் குருவி எதற்கு என்றால் இதற்குத்தான். சின்ன உடம்பு, வேகமான மூச்சு, மனிதனுக்குத் தலை சுற்றும் முன்பே அது கிளையிலிருந்து தள்ளாடும்.

மொனோங்காவில் விசிறி அடிபட்டது ஒரு பக்கம். அதைவிட மோசம், காற்றுப் பாதைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் எல்லாம் சிதறியது. தடுப்பு போனால் விசிறி ஓடினாலும் பயனில்லை. உள்ளே போகும் காற்று முதல் குறுக்கு வழியிலேயே மடங்கி வெளியே வந்துவிடும். மீட்பாளர்கள் ஒவ்வொரு குறுக்கு வழியாகக் கான்வாஸ் திரை கட்டிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ள வேண்டியிருந்தது. மூச்சுக் கருவி கிடையாது. 15 நிமிடத்துக்கு மேல் உள்ளே தாங்காமல் ஆள் மாற்றி ஆள் போனார்கள். தொடக்கத்தில் நான்கு பேர் மலைச்சரிவில் இருந்த ஒரு பொந்து வழியாக வெளியே வந்தார்கள், பிறகு ஒருவரை உயிரோடு தூக்கி வந்தார்கள். அவ்வளவுதான்.

உள்ளே மாட்டிக்கொண்டால் செய்யக்கூடிய ஒரே வேலை, பக்கக் கிளை ஒன்றில் புகுந்து, வாயைப் பலகை, துணி, கல், கரி என்று கிடைத்ததை வைத்து அடைப்பது. 1902 மே 19-இல் டென்னசியின் ஃப்ரேட்டர்வில் வெடித்து 216 பேர் இறந்தபோது 26 பேர் அப்படி அடைத்துக்கொண்டார்கள். காலை ஏழரைக்கு முன் வெடித்தது. பிற்பகல் 2:25-க்கு இன்னும் சிலர் உயிரோடு இருப்பதாக ஒருவர் மனைவிக்கு எழுதிய கடிதம் அவர் உடலோடு கிடைத்தது. யாரும் பிழைக்கவில்லை. 1911 கிராஸ் மவுன்டனில் அடைத்துக்கொண்ட ஐந்து பேரைச் சுமார் 58 மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். அதே சுரங்கத்தில் வேறோர் இடத்தில் அடைத்துக்கொண்டு சுவரில் செய்தி எழுதி வைத்த இருவர் பிழைக்கவில்லை.

அடைக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுத்தமா, அடைப்பு கசிகிறதா, இடம் எவ்வளவு, இந்த மூன்றில்தான் எல்லாம். அசையாமல் கிடக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு கன கஜம் காற்று என்பது சுரங்கக்காரர் கணக்கு. ஐந்து பேர், 58 மணி நேரம் என்றால் 290 கன கஜம், அதாவது 7,830 கன அடி. 20 அடி அகலம், 5 அடி உயரமுள்ள அறையில் 78 அடி நீளம் வேண்டும். 26 பேருக்கு அதே அறை சுமார் 11 மணி நேரம்தான் வரும், அதுவும் காற்று சுத்தமாக இருந்து, அடைப்பு கசியாமல் இருந்தால்.

---

கரித்துகள்:

ஒரு சேர்க்கை. 1911-இல் குருவியும் ஆக்சிஜன் கருவியும் எடுத்துக்கொண்டு கிராஸ் மவுன்டனுக்கு இறங்கியது மத்திய அரசின் சுரங்கத் துறை. அது 1910-இல் உருவானது, 1907 டிசம்பரின் சாவுகள் தந்த அழுத்தத்தில். பென்சில்வேனியாவில் ப்ரூஸ்டன் என்ற இடத்தில் சோதனைக்கென்றே ஒரு சுரங்கம் தோண்டி, 1911 அக்டோபர் 30-இல் சுரங்கக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, வெறும் கரித்தூளை வெடிக்கவைத்துக் காட்டினார்கள். வாயு வேண்டும் என்ற பேச்சு அதோடு அடங்கத் தொடங்கியது. தூள் வெடிப்பைத் தடுக்கும் வழி சுண்ணாம்புக்கல் பொடி: மாவாக அரைத்துச் சுவரிலும் தரையிலும் கூரையிலும் தூவிவிட்டால், அழுத்த அலை கரித்தூளைக் கிளப்பும்போது கல்பொடியும் சேர்ந்து கிளம்பிச் சுடரின் சூட்டைக் குடித்துவிடும். ஒரு முறை தூவிவிட்டுச் சும்மா இருந்தால் நடக்காது. மேலே புதுத் தூள் படிந்துகொண்டே இருக்கும், மறுபடி மறுபடி தூவ வேண்டும்.

அந்தத் துறைக்குச் சோதிக்கவும் சொல்லித்தரவும்தான் அதிகாரம் இருந்தது. கம்பெனி அனுமதி இல்லாமல் ஒரு சுரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கும் உரிமை மத்திய ஆய்வாளருக்கு 1941-இல்தான் கிடைத்தது.